ஹெல்ப் என்னும் ஆங்கிலச் சொல்



வேற்று மாநிலத்து இரயில் நிலையம் ஒன்றில், கையில் பெட்டியும் இடுப்பில் குழந்தையுமாக இறங்கி, வெளியே செல்லும் வழியைத் தேடும் தமிழர் கண்ணில் முதன்முதலாகப் படும் ஆங்கில வாசகங்களுள் ஒன்று, "மே ஐ ஹெல்ப் யூ?" என்பது. வங்கிக்குள் நுழைந்தால் அங்கும் அதே பலகை. காவல் நிலையத்து வாயிலிலும் அதுவே. பலகைக்குப் பின்னால் நாற்காலி இருப்பதும், நாற்காலியில் ஆள் இல்லாதிருப்பதும் வேறு கதை. அப்பலகையில் உள்ள 'ஹெல்ப்' என்னும் சின்னஞ்சிறு சொல்லைப் பற்றியே இன்று நாம் பேச எண்ணுகிறோம். நான்கே எழுத்துச் சொல். ஆங்கிலம் கற்கத் தொடங்கிய சில நாட்களிலேயே அறிமுகமாகிவிடும் சொல். இதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக் கூடும். நாமும் முன்பு அவ்வாறே எண்ணியிருந்தோம்.

டில்லியில் நாம் அறிந்த தமிழ்க் குடும்பம் ஒன்று உண்டு. கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர், மனைவி மறைந்தபின், மகனோடு வசிப்பதற்காக அங்கே வந்து சேர்ந்தார். ஹிந்தி அவருக்கு அறவே தெரியாது. ஆலையில் வழங்கும் இயந்திர உறுப்புக்களின் பெயர்களும், அன்றாடப் புழக்கத்துக்கு வேண்டிய சில சொற்களுமே அவருடைய ஆங்கிலம். கண்ணழுத்த நோய்க்காக நாள்தோறும் சொட்டு மருந்து இட்டுக்கொள்பவர். மருந்து தீரும் தறுவாயில், மகனுக்கு அலுவலகத்தில் விடுப்புக் கிடைக்காமற்போகவே, தாமே தனியாக மருத்துவமனைக்குச் சென்றார். சீட்டு வழங்கும் இடத்தில் இருந்த அம்மையார், வரிசையில் நின்றவர்களின் கூச்சலுக்கு நடுவே, அவருடைய பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மருத்துவர் அன்று வரவில்லை என்றும், திங்கட்கிழமை வருமாறும் ஆங்கிலத்தில் கூறினார். இடையே, "ஐ கான்ட் ஹெல்ப் இட்" என்றும் ஒரு வாக்கியம் சொன்னார். முன்னும் பின்னும் சொன்னவை இரைச்சலில் கரைந்து போயின. 'கான்ட் ஹெல்ப்' என்ற இரண்டு சொற்கள் மட்டும் பெரியவர் காதில் விழுந்தன. உமக்கு உதவ முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள் என அவர் கருதினார்.

தன்மானம் மிக்கவர். வீட்டுக்கு வந்து, "போய் வந்தேன்" என்று மட்டும் சொன்னார். மகனும் மேற்கொண்டு கேட்கவில்லை. இரண்டு மாதம் கண்ணில் மருந்து படவில்லை. கண்ணழுத்த நோயின் கொடுமையே, பெரும்பாலும் அது வலியின்றி வளர்வதுதான். பார்வை ஓரங்களிலிருந்து மெல்லச் சுருங்கிக்கொண்டே வரும். இழந்த பார்வை மீண்டு வாராது. செய்தி வெளிப்பட்டபோது, இடக் கண்ணின் பார்வையில் ஒரு பகுதி போய்விட்டிருந்தது.

அந்த அம்மையார் சொன்னதில் குற்றமில்லை. பெரியவர் பொருள் கொண்டதையும் குற்றம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஹெல்ப் என்றால் உதவி என்றுதானே நம் பள்ளிகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள்? அதற்கு மேல் யார் சொன்னார்கள்?

ஹெல்ப் என்பதன் முதற்பொருள் துணைசெய்தல் என்பதில் ஐயமில்லை. ஆனால் துணைசெய்தலாவது யாது? ஒருவருக்கு நேர்ந்த இடரைக் குறைத்தல். ஆகவே இடரைக் குறைப்பதையும் ஆங்கிலேயர் ஹெல்ப் என்றே சொல்லத் தலைப்பட்டனர். இருமலை 'ஹெல்ப்' செய்யும் மருந்து என்றால், இருமலுக்கு ஆதரவாக நின்று அதை வளர்க்கும் மருந்து என்று பொருளன்று. இருமலைத் தணிக்கும் மருந்து என்பதே பொருள். தணித்தல் என்பதிலிருந்து பரிகாரம் செய்தல், பரிகாரம் செய்தல் என்பதிலிருந்து தவிர்த்தல் என்று அச்சொல் படிப்படியாக நடந்து சென்றிருக்கிறது. இவ்வாறு, துணைநிற்கும் சொல்லே தடுத்து நிற்கும் சொல்லாகவும் ஆயிற்று. "ஐ கான்ட் ஹெல்ப் இட்" என்பதற்கு, இதை என்னால் தவிர்க்க இயலவில்லை, இது என் கையில் இல்லை என்பதே பொருள். நம் வீடுகளில், "என்ன செய்வது? வேறு வழியில்லை" என்று சொல்கிறோமே, அதுதான் அது. மறுப்பவர் பேச்சன்று, வருந்துபவர் பேச்சு.

இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. ஹெல்ப் என்பதற்கு அடுத்து வரும் சொல்லைக் கவனிக்க வேண்டும். "ஐ கான்ட் ஹெல்ப் யூ" என்றால், உமக்கு உதவ முடியாது என்று பொருள். அங்கே கோபித்துக்கொண்டு திரும்பலாம். "ஐ கான்ட் ஹெல்ப் இட்" என்றால் கோபம் வேண்டா. காத்திருக்கவோ மற்றொரு நாள் வரவோ வேண்டியதுதான். 'யூ', 'இட்' என்னும் சிறு சொற்களே இங்கே பொருளைத் தீர்மானிக்கின்றன. அவற்றுக்குப் பதிலாக ஒரு செயலின் பெயர் வந்தால், அச்செயலைச் செய்யாமல் இருக்க முடியவில்லை என்று கொள்ள வேண்டும். "ஐ கான்ட் ஹெல்ப் லாஃபிங்" என்றால், சிரிக்காமல் இருக்க முடியவில்லை. இதைச் 'சிரிப்பதற்கு உதவ முடியவில்லை' என்று மொழிபெயர்த்து அச்சிட்டிருந்ததை நாம் கண்டதுண்டு. படித்தபோது நமக்கும் அந்நிலையே ஏற்பட்டது.

ஆங்கிலேயர்களும் இதில் தடுமாறாமல் இல்லை. இயன்றவரை நேரம் கடத்தாதே என்று சொல்ல வரும் ஆங்கிலேயர், "டோன்ட் பீ லாங்கர் தேன் யூ கேன் ஹெல்ப்" என்பார். கணக்காகப் பார்த்தால், தவிர்க்க முடியாத அளவுக்கு மேல் கடத்தாதே என்றுதான் அவர் சொல்ல வேண்டும். தவிர்க்க முடிந்த அளவுக்கு மேல் என்று சொல்லிவிடுகிறார். வாக்கியம் தலைகீழாக நிற்கிறது. ஆயினும் கேட்பவருக்குப் பொருள் விளங்கிவிடுகிறது. வழக்கு வென்று, இலக்கணம் பின்னே நிற்கும் இடங்கள் எல்லா மொழியிலும் உண்டு.

இச்சொல்லின் குலம் எது? அது ஆங்கிலத்தின் பழங்குடிச் சொற்களுள் ஒன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தில் 'ஹெல்பன்' என்று வழங்கியது. ஜெர்மானியர் 'ஹெல்ஃபன்' என்கின்றனர். டச்சுக்காரர் 'ஹெல்பன்' என்கின்றனர். இறந்தகாலத்தில் முற்காலத்தவர் 'ஹோல்ப்' என்றும் 'ஹோல்பன்' என்றும் சொன்னார்கள். 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் 'ஹோல்பன்' இடம்பெற்றிருக்கிறது. இன்று அவ்வடிவம் வழக்கொழிந்தது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், பிரெஞ்சு வழியாக 'எய்ட்', 'அசிஸ்ட்', 'ஸக்கர்' முதலிய சொற்கள் வந்து குடியேறின. இவற்றின் வேர்ப்பொருள் சுவையானது. அசிஸ்ட் என்பது இலத்தீனில் அருகே வந்து நிற்றல். ஸக்கர் என்பது ஓடி வருதல். துணைநிற்றல் என்று தமிழர் சொல்வதும் அருகே நிற்பதைத்தானே? வந்தேறிய சொற்கள் அலுவலகத்திலும் சட்டத்திலும் மருத்துவத்திலும் அமர்ந்துகொண்டன. முதலுதவியை 'ஃபர்ஸ்ட் எய்ட்' என்கிறார்களேயன்றி 'ஃபர்ஸ்ட் ஹெல்ப்' என்பதில்லை. வறியவர்க்கு இலவசச் சட்ட உதவி அளிக்கவேண்டும் என்று 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நம் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 39-ஏ பிரிவிலும் எய்ட் என்ற சொல்லே இருக்கிறது. ஹெல்ப் வீட்டோடும் தெருவோடும் தங்கிவிட்டது. ஆபத்தில் அகப்பட்ட ஆங்கிலேயர், "அசிஸ்டன்ஸ்!" என்று அலறுவதில்லை.

வீட்டு வழக்கில் இச்சொல் செய்யும் வேடிக்கைகள் பல. உணவு மேசையில் ஆங்கிலம் பேசும் நண்பர், "ஹெல்ப் யுவர்செல்ஃப்" என்பார். உமக்கு நீரே உதவிக்கொள்ளும் என்பது சொல்லுக்குச் சொல் பொருள். வேண்டியதை நீரே எடுத்துச் சாப்பிடும் என்பது கருத்து. விருந்தினர் இலையில், போதும் போதும் என்று கை மறித்தாலும் இன்னும் ஒரு கரண்டி பரிமாறாவிடில் மனம் ஆறாத நம்மவர்க்கு இது சற்றுச் சுருக்கென்றே படும். புதிதாக மணமாகி மும்பைக்குச் சென்ற நம் உறவுப் பெண் ஒருத்தி, கணவனின் மேலதிகாரி வீட்டு விருந்தில் இச்சொல்லைக் கேட்டுவிட்டு, இவர்கள் பரிமாறமாட்டார்கள் போலும் என்று நாணி, வெறும் தயிர்ச்சோற்றோடு எழுந்து வந்தாள். அவ்வீட்டு அம்மையாரோ, நம் சமையல் இந்தப் பெண்ணுக்குப் பிடிக்கவில்லை என்று வருந்தினாராம். அங்கே ஹெல்ப் என்பது உணவு எடுத்து வைத்தல். ஒரு முறை பரிமாறும் அளவுக்கு 'ஹெல்ப்பிங்' என்றே பெயர். ஆனால் ஒருவன் பணப்பெட்டியிலிருந்து 'தனக்கு ஹெல்ப் செய்துகொண்டான்' என்றால், திருடினான் என்று பொருள். நாகரிகமாகச் சொல்லப்படும் திருட்டு.

மனைவியை 'ஹெல்ப்மேட்' என்று சொல்லும் வழக்குக்கு ஒரு பிழை தாய். மேற்சொன்ன 1611-ஆம் ஆண்டு விவிலியத்தில், ஆதாமுக்குத் தக்க ஒரு துணை என்னும் கருத்தில், ஹெல்ப் என்பதை அடுத்து 'மீட்' என்ற சொல் வருகிறது. மீட் என்றால் அக்காலத்தில் தகுதியான என்று பொருள். பின்வந்தவர்கள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் படித்து, 'ஹெல்ப்மீட்' என்று ஒரு சொல் இருப்பதாகக் கொண்டார்கள். அதுவும் புரியாமற்போகவே, மீட் என்பதை 'மேட்' ஆக்கித் தோழி என்று பொருள் கண்டார்கள். வாழ்க்கைத்துணை என்ற நம் சொல்லுக்கு இத்தகைய விபத்து எதுவும் நேரவில்லை.

அமெரிக்காவில் வேலையாளையே 'ஹெல்ப்' என்று சொல்லும் வழக்கம் குடியேற்றக் காலம் முதல் உண்டு. 'ஸர்வன்ட்' என்ற சொல்லில் அடிமை வாடை வீசுவதாக அங்கே பலர் எண்ணினர். பெயர் மாறிற்று, வேலை மாறிற்றா என்பது கேள்வி. நம் பெருநகரங்களிலும் இப்போது வீட்டு வேலை செய்யும் பெண்மணியை 'டொமஸ்டிக் ஹெல்ப்' என்கிறார்கள். அப்பெண்மணிகளுள் நம்மவர்களும் இருக்கிறார்கள்.

இனி நம் தமிழுக்கு வருவோம். உதவு என்னும் வினை, துணைசெய் என்பதோடு பயன்படு என்ற பொருளையும் உடையது. இந்தக் கத்தி உதவாது என்றால், கத்திக்கு நம்மேல் அன்பில்லை என்பதன்று. அது வெட்டாது என்பதே. உதவாக்கரை என்ற வசையும் அப்பொருளில் பிறந்தது. ஒருவர் மற்றொருவருக்குச் செய்யும்போது மட்டும் அச்சொல்லுக்கு வேறொரு கனம் ஏறிவிடுகிறது. நன்றி என்ற சொல்லை நோக்குங்கள். இன்று அது பெற்றவர் சொல்லும் சொல். முற்காலத்தில் அது செய்யப்பட்ட நன்மைக்கே பெயர். திருக்குறளின் பதினோராம் அதிகாரம் 'செய்ந்நன்றியறிதல்' எனப் பெயர் பெற்றது. ஒருவர் செய்த நன்மையை அறிந்து நினைவில் வைத்தல் என்பது கருத்து. உதவிய செயலுக்கும் அதைப் பெற்றவர் மனத்தில் தங்கும் கடனுக்கும் காலப்போக்கில் ஒரே சொல் அமைந்துவிட்டது. ஆகவே, உதவி என்றால் யாரோ ஒருவர் மேலே நிற்கிறார், ஒருவர் கீழே நிற்கிறார், இடையே ஒரு கடன் நிற்கிறது என்ற நினைவு நமக்கு எளிதில் வருகிறது. மேஸ்திரியாக இருந்த பெரியவரை வீட்டுக்குத் திருப்பியனுப்பியதும் அந்த நினைவே என்பது நம் கருத்து. உதவ முடியாது என்று சொன்னவரிடம் மறுபடி போய் நிற்பதா?

ஆங்கிலத்து ஹெல்ப் இத்துணைக் கனம் தாங்குவதன்று. கதவைத் திறந்து பிடிப்பதும் ஹெல்ப். கடையில் துணி எடுத்துக் காட்டுவதும் ஹெல்ப். கடைக்காரர் "கேன் ஐ ஹெல்ப் யூ?" என்று கேட்டால், அதை 'நான் உங்களுக்கு உதவட்டுமா?' என்று மனத்தில் பெயர்த்துக்கொள்வது தவறு. நம் ஊர்க் கடைக்காரர், "வாங்க, என்ன வேணும்?" என்கிறாரே, அதற்கு ஆங்கிலம் அது. இதன் மறுபக்கமும் உண்டு. "என்ன வேண்டும்?" என்பதை அப்படியே ஆங்கிலமாக்கி, "வாட் டூ யூ வான்ட்?" என்று நம்மவர் வாடிக்கைக்காரரிடம் கேட்டுவிடுகிறார்கள். தமிழில் அது வரவேற்பு. ஆங்கிலத்தில் அது அதட்டல். வெளி மாநிலங்களில் சிற்றுண்டிச்சாலையும் மளிகைக் கடையும் நடத்தும் அன்பர்கள் இதை மட்டுமேனும் மனத்தில் கொண்டால் நலம்.

நம்மைச் சூழ வழங்கும் மொழிகளில் இச்சொல்லுக்கு நிகரானவை எவை? ஹிந்தியிலும் மராத்தியிலும் பேச்சு வழக்கில் 'மதத்'. அது அரபியிலிருந்து வந்தது. பலகைகளிலும் அரசாங்க ஹிந்தியிலும் 'ஸஹாயதா'. கன்னடத்தில் 'ஸஹாய', மலையாளத்தில் 'ஸஹாயம்'. தெலுங்கர் பேச்சில் அது 'சாயம்' என்று தேய்ந்திருக்கிறது. ஹைதராபாதில் ஒருவர் சாயம் வேண்டுமென்றால் அவர் துணிக்குச் சாயம் தோய்க்க வந்தவர் என்று எண்ணவேண்டா. இந்த வடசொல் தமிழிலும் சகாயம் என்று வழங்கியதே. ஆனால் இன்று நம்மிடையே அது பெரும்பாலும் 'சகாய விலை'யில் தஞ்சம் புகுந்திருக்கிறது. உபகாரம் என்பதும் அப்படியே. மாணவர்க்கு அளிக்கும் தொகையை முன்னோர் உபகாரச் சம்பளம் என்றனர். இன்று அது உதவித்தொகை.

ஆங்கிலேயர் ஹெல்ப் என்பதோடு 'செல்ஃப்' என்பதைச் சேர்த்து ஒரு கொள்கையே கண்டார்கள். ஸாமுவேல் ஸ்மைல்ஸ் என்பவர் 1859-இல் வெளியிட்ட 'செல்ஃப் ஹெல்ப்' என்னும் நூல், தன் முயற்சியால் உயர்ந்தவர்களின் வரலாறுகளைச் சொல்லிப் பெரும்புகழ் பெற்றது. நாம் அதைச் சுயஉதவி என்று மொழிபெயர்த்துக்கொண்டோம். உதவி என்பது பிறரிடமிருந்து வருவது என்று பழகிய நம் செவிக்கு, அத்தொடர் முதலில் முரணாகவே ஒலித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய சுயஉதவிக் குழுக்கள், பின்னர் மகளிர் திட்டத்தின் வழியே ஊர்தோறும் பரவின. சுயமாக உதவிக்கொள்வதற்கு நம் பெண்கள் குழுவாகக் கூடியது நமக்கு மிகவும் பொருத்தமாகவே தோன்றுகிறது.

விண்ணப்பம் எழுதுவோர்க்கு ஒரு சொல். 'ப்ளீஸ் ஹெல்ப் மீ' என்று அலுவலகத்துக்கு எழுதுவது, கையேந்துவது போன்ற தோற்றம் தரும். எந்தச் செயலுக்குத் துணை வேண்டுமோ அதைச் சேர்த்து எழுதினால் அத்தோற்றம் நீங்கும்: 'ஹெல்ப் மீ கெட் தி சர்ட்டிஃபிகேட்' என்பது போல. அங்கே ஹெல்ப்புக்குப் பின் 'டு' சேர்த்தாலும் சரி, சேர்க்காவிட்டாலும் சரி. இரண்டும் இலக்கணம் ஒப்பியவை. 'யுவர் ஹெல்ப்ஸ்' என்று பன்மையாக்குவது மட்டும் கூடாது. பழைய விண்ணப்பங்களின் முடிவில் தவறாமல் வரும் 'டூ தி நீட்ஃபுல்' என்ற தொடர் இங்கிலாந்தில் வழக்கருகி, இந்தியாவில் இன்னும் நலமாக இருக்கிறது. தமிழ்நாட்டு அலுவலகங்களில் 'ஆவன செய்க' என்று எழுதுவதும் அதே கருத்தினதே. அதில் உதவி என்ற சொல்லே இல்லாதிருப்பதைக் கவனியுங்கள். அதிகாரி செய்யவேண்டியதைச் செய்யுமாறு கேட்கிறோம், கடன்படவில்லை.

ஆபத்து வேளைக்கு வருவோம். அப்போது நாம் 'உதவி' என்று கூவுவதில்லை; 'காப்பாற்றுங்கள்' என்போம், அல்லது 'ஐயோ' என்போம். ஹிந்திக்காரர் 'பசாவோ' என்பதும் காப்பாற்று என்பதே. ஆங்கிலேயர்தாம் ஹெல்ப் என்று அலறுகிறார்கள். கப்பலும் விமானமும் வேறு மொழி பேசின. எஸ்.ஓ.எஸ். என்னும் அபாய அறிவிப்பு, எங்கள் உயிரைக் காப்பாற்றுங்கள் என்னும் ஆங்கில வாக்கியத்தின் சுருக்கம் என்று பலர் நம்புகிறார்கள். அது அன்று. 1906-இல் பெர்லினில் கூடிய சர்வதேச மாநாட்டில், மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என எளிதில் அனுப்பவும் அறியவும் கூடியது என்பதற்காகவே அது கொள்ளப்பட்டது; வாக்கியம் பின்னர்க் கட்டிய கதை. வானொலியில் குரலாகப் பேசும் காலம் வந்ததும் ஒரு சொல் தேவைப்பட்டது. லண்டனை அடுத்த குரோய்டன் விமான நிலையத்து வானொலி அலுவலர் ஒருவர், 1923-இல், 'மேடே' என்பதைத் தேர்ந்தார். அங்கிருந்து பாரிசுக்குப் பறப்பவர்கள் மிகுதி. எனக்கு உதவி செய்யும் என்பதற்குரிய பிரெஞ்சுச் சொல்லின் ஒலி அது. 1927-இல் உலக நாடுகள் அதை ஏற்றன. நம் நாட்டில் எம்மொழி பேசுவோரும் நினைவில் கொள்ளத்தக்கது ஓர் எண்: 112. காவல், தீயணைப்பு, மருத்துவம் மூன்றுக்கும் பொதுவான அவசர எண் அது. அகப்பட்ட ஊரின் மொழி தெரியாவிடில், இடத்தின் பெயரையும் ஹெல்ப் என்ற ஒரு சொல்லையும் சொன்னால் போதும்.

பெரியவரோடு அடுத்த முறை மருத்துவமனைக்கு நாமும் உடன் சென்றோம். அதே இடம், அதே அம்மையார். அன்று கணினி வேலை செய்யவில்லை. சீட்டுப் பதிய நேரமாகும் என்று சொல்லிவிட்டு, அந்த அம்மையார் கையை விரித்து, "ஐ கான்ட் ஹெல்ப் இட்" என்றார். நாம் பெரியவர் முகத்தைப் பார்த்தோம். அவர், "வேறு வழியில்லையாம், இருப்போம்" என்று சொல்லிவிட்டு, சுவரோரத்து விசுப்பலகையில் போய் உட்கார்ந்து, மருந்துப் பையை மடிமீது வைத்துக்கொண்டார்.